மாமிக்கு மசித்த சோறு

குழைந்த சுடுசோற்றோடு பூசணிக்காயைச் சேர்த்து அம்மா மத்தால் மசிக்கும்போது எழும் "சதக், சதக்" என்ற ஈரச் சத்தம்தான் எங்கள் புத்தூர் வீட்டின் மத்தியானம். பாரிசவாதத்தில் படுத்துவிட்ட மாமிக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, எதையும் மெல்ல முடியாது. மசித்த சோற்றிலும் கறிவேப்பிலை அகப்பட்டால் விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைப்பார்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது மாமி இறந்தார். எட்டாம் நாள் படையலான "எட்டுச்செலவு" அன்று, நல்லாயிருந்த காலத்தில் அவர் விரும்பிச் சாப்பிட்ட முருங்கைக்காய்க் கறி, உழுந்துவடை, பொரித்த மீன் எல்லாவற்றையும் அவருடைய அறையில் வாழையிலையில் படைத்து, வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு நாங்கள் எல்லோரும் முற்றத்தில் இருந்தோம். நேரத்துக்கு முன் கதவைத் திறந்தால் வந்தவர் பசியோடு திரும்பிவிடுவார் என்பார்கள்.

அப்போதுதான் சாத்திய அறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. சதக், சதக்.

அம்மாவின் முகம் வெளிறியது. "நான் மச்சாளுக்கு ஒண்டும் மசிச்சு வைக்கேல்லை."

"செத்தவைக்குப் பல்லு முளைச்சிருக்குமடி, பேசாமல் இரு," என்று பக்கத்துவீட்டுப் பரமேசக்கா பகிடி விட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"இஞ்சேரும், கதவைத் திறவாதையும்," என்றார் அப்பா.

"திறக்காட்டிலும் பசியோடைதானே போவா," என்றபடி அம்மா குசினிக்குள் போய்ச் சோற்றுச் சட்டியையும் பூசணிக்காயையும் மத்தையும் எடுத்து வந்து கதவைத் திறந்தார். உள்ளே எவருமில்லை. படையலுக்கு முன்னால் குந்தியிருந்து, "கோவிக்காதையுங்கோ மச்சாள்," என்று முணுமுணுத்தபடி சோற்றையும் பூசணிக்காயையும் மசித்து இலையில் வைத்துவிட்டு, மறுபடி கதவைச் சாத்தினார். அதன்பிறகு சத்தம் வரவில்லை.

நேரம் வந்து திறந்தபோது மசித்த சோறு அப்படியே இருந்தது. இலையின் ஓரத்தில் மட்டும் கறிவேப்பிலைகள் வரிசையாகக் கிடந்தன. "நான்தான் எடுத்து வைச்சிருப்பன்," என்றார் அம்மா. எங்களுக்குச் சொன்னாரா, தனக்கே சொன்னாரா, தெரியாது. ஆனால் மாமி போனதிலிருந்து அன்றுதான் அம்மா வயிறாரச் சாப்பிட்டார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்துப் பட்டமும் பெற்றவள் நான். அதை எங்கும் தலைநிமிர்ந்து சொல்வேன். எலி, காற்று என்று அந்தச் சத்தத்துக்குக் காரணம் சொல்லவும் எனக்குத் தெரியும். மாமியின் அறை இப்போது இல்லை. மத்தைக் கறையான் தின்றுவிட்டது. பல் விழுந்த அம்மாவுக்குப் பிளெண்டரில்தான் சாப்பாடு அடித்துக் கொடுக்கிறேன்.

போன கிழமை சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "எனக்குப் படைக்கேக்கை உதிலை அடிச்சு வைக்காதை பிள்ளை. மத்தாலை மசி."

"ஓமம்மா," என்றேன்.

சந்தையில் புது மத்துகள் கிடைக்கின்றன. கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிட்டு வருகிறேன். ஒன்றை வாங்கிக் குசினியில் கொழுவினால் அம்மா புறப்பட்டுவிடுவார் போலிருக்கிறது.