கொள்ளுக்கு ஒதுங்கிய கார்

என் அக்காவின் கணவர் மலேசியாவில் பிறந்து வளர்ந்தவர். எண்பதுகளின் நடுவில், ஒரு பொங்கல் முடிந்த கையோடு அக்காவைக் கூட்டிக்கொண்டு ஒரு மாத விடுமுறைக்கு அரூர் வந்தார். வந்த மூன்றாம் நாளே, ஊரைச் சுற்றிப் பார்க்க கார் வேண்டும், நானே ஓட்டிக்கொள்கிறேன் என்றார். எங்கள் வீட்டில் அதுவரை சைக்கிளுக்கு மேல் எதையும் யாரும் ஓட்டியதில்லை. அப்பாவின் சிநேகிதர், கடைவீதியில் இரும்புக்கடை வைத்திருந்த பாய், தன் அம்பாசிடரைத் தந்தார்.

மாமா அந்தக் காரைச் சோதித்த அழகைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது, கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஆர்.சி. புக் எங்கே, இன்சூரன்ஸ் தாள் எங்கே என்று பாயைத் துளைத்தெடுத்தார். வெளிநாட்டில் ஓட்டுவதற்கென்று வாங்கி வந்த லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்துப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். பின்னால் பிரேக் லைட் எரியவில்லை என்று காரை எலெக்ட்ரீஷியனிடம் விட்டு அரை நாளைத் தீர்த்தார்.

“எங்கூர்ல இது எரியலைன்னா சம்மன் குடுத்துருவான் மச்சான்.”

“இங்க ஹாரன் அடிச்சாப் போதுங்க மாமா” என்றேன். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் சாவியைக் கொடுக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்டுக்குங்க. யாரு மேலயாச்சும் பட்டுருச்சுன்னா எறங்காதீங்க. நேரா ஸ்டேஷன்ல போயி நிப்பாட்டுங்க. ஜனம் அடிச்சே கொன்னுரும்.”

“நிக்காமப் போனா அது பெரிய குத்தமாச்சே” என்றார் மாமா. அப்படி ஒரு யோசனையைச் சொன்னதற்காகவே பாய் மீது அவருக்கு மனத்தாங்கல். அக்காவை வீட்டில் விட்டுவிட்டு, கம்பைநல்லூரில் இருந்த பெரியம்மாவைப் பார்க்க நாங்கள் இருவரும் காலையில் கிளம்பினோம். எனக்கு வழி தெரியும், அவருக்கு வண்டி தெரியும் என்பது ஏற்பாடு.

அது கொள்ளு அறுக்கிற காலம். எங்கள் பக்கத்தில் கொள்ளுச் செடியைப் பிடுங்கிக் காயவைத்து அப்படியே தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறிக் காய் உடைந்து மணி உதிர்ந்துவிடும். கூலி ஆள் மிச்சம், மாடு மிச்சம். சாலையில் போகிற எவனும் அதன்மேல் ஏற்றிப் போவதுதான் மரியாதை. ஒதுங்கிப் போகிறவனைப் பார்த்தால் திட்டுவார்கள்.

மாமாவுக்கு இது எப்படித் தெரியும்? முதல் பரப்பைக் கண்டதும் காரை நிறுத்திவிட்டார். “சாப்பிடற பொருள் மேல ஏத்தலாமா? பாவம், யாரு பாடுபட்டதோ” என்றார். பிறகு இண்டிகேட்டரைப் போட்டு, எதிரே ஒன்றும் இல்லை என்று எட்டிப் பார்த்து, வலதுபக்கமாக ஊர்ந்து போனார். ஓரத்தில் நின்ற ஒரு அம்மா, மேலே ஏற்று, ஏற்று என்று இரண்டு கையாலும் சைகை காட்டினாள். தன்னைத் திட்டுகிறாள் என்று எண்ணி இவர் கும்பிட்டார். எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அடக்கினேன். சாயங்காலம் வீட்டில் இதை நடித்தே காட்டவேண்டும், இன்னும் இரண்டு மூன்று பரப்பு வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது பரப்பு ஒரு வளைவில் இருந்தது. இடதுபக்கம் முழுக்கச் செடி. மாமா மறுபடியும் இண்டிகேட்டர் போட்டு வலது பக்கம் ஏறினார். பாதி கடந்தபோது வளைவிலிருந்து டவுன் பஸ் வந்தது. இடது பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்திருந்தால் கொள்ளின் மேல் ஏறி எல்லாரும் தப்பியிருப்போம். அந்த மனுஷனுக்கு அந்த நொடியிலும் அது அடுத்தவர் சோறு. வலதுபக்கமே ஒடித்தார். கார் மண்ணில் இறங்கியது. அங்கே முறத்தால் தூற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை இடித்துத் தள்ளி நின்றது. முறம் கண்ணாடியில் வந்து மோதியது.

“எறங்காதீங்க மாமா! வண்டிய எடுங்க!” என்று கத்தினேன். அவர் எஞ்சினை அணைத்தார், ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், கதவைத் திறந்து அந்தப் பெண்ணிடம் ஓடினார். அவளுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. இவர் மண்டிபோட்டு, கைக்குட்டையை எடுத்து மேலே கட்டத் தொடங்கினார்.

களத்திலிருந்தும் காட்டிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். “எவன்டா ஓட்டுனது?” என்றான் முன்னால் வந்தவன். அவளுடைய அண்ணன் என்று பிறகு தெரிந்தது. கையில் செடியைக் கிளறுகிற கவைக்கோல். மாமா பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல் கையைத் தூக்கினார்.

“நான்தாங்க. தப்பு என்னோடதுதான். முதல்ல ஆஸ்பத்திரிக்கு...”

முதல் அடி வாயில் விழுந்தது. தாடை உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. கீழே விழுந்தவரைச் சுற்றிவளைத்து மிதித்தார்கள். நின்றுபோன பஸ்ஸிலிருந்து இறங்கிய வெள்ளைச்சட்டைக்காரன் ஒருவன், கையிலிருந்த மஞ்சள் பையைக் கீழே பத்திரமாக வைத்துவிட்டு வந்து விலாவில் இரண்டு உதை விட்டான். அவனுக்கு அந்தப் பெண்ணையும் தெரியாது, எங்களையும் தெரியாது. உதைத்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பையை எடுத்துக்கொண்டான். அவன் முகம் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நேரில் கண்டால் சும்மா விடமாட்டேன்.

மாமா சட்டைப் பைக்குள் கையை விட்டு லைசென்ஸை எடுத்து நீட்டினார். இதைக் காட்டினால் நிறுத்திவிடுவார்கள் என்று நம்பினார் போலிருக்கிறது. ஒருவன் அதைப் பிடுங்கிக் கிழித்தான். கவைக்கோல் மறுபடி இறங்கியபோது அதன் ஒரு முனை அவர் இடது கண்ணில் பட்டது. அவர் அலறியதைக் கேட்டதும் எனக்கு வெறி பிடித்துவிட்டது.

டிக்கியைத் திறந்து ஜாக்கி ராடை எடுத்தேன். பேசிப் பார்க்கவேண்டும், கெஞ்சவேண்டும் என்றெல்லாம் தோன்றவில்லை. உள்ளூர் பாஷை பேசுகிறவன் நான். கெஞ்சியிருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார்கள். அந்த அண்ணன்காரன் மணிக்கட்டில் ஓங்கிப் போட்டேன். அவன் கை தொங்கிப்போனது. தோளில் இன்னொன்று போட்டேன். பொய் சொல்லக்கூடாது, அந்த இரண்டு அடியும் எனக்கு இனித்தது. மூன்றாவதற்கு ஓங்கியபோது பின்னாலிருந்து எவனோ தலையில் அடித்தான். அதன்பிறகு கல்லும் காலும்தான். மாமாவின்மேல் குப்புற விழுந்து கிடந்தேன். இனி அவர் பிழைக்கமாட்டார், அக்காவிடம் பிணத்தைத்தான் கொண்டுபோகப்போகிறேன் என்று நினைத்தேன்.

நிறுத்தியது அந்தப் பெண்தான். கிடந்த இடத்திலிருந்து அடித்தொண்டையில் கத்தினாள்.

“வுடுங்கடா! அந்தாளக் கொன்னுட்டு ஜெயிலுக்குப் போங்க. இங்க நான் ரத்தம் போயி சாவறேன், என்ன எவன்டா தூக்குவான்? அந்தாளு ஒருத்தன்தான்டா என் காலத் தொட்டுப் பாத்தான்!”

பஸ் டிரைவர் பயணிகளை இறக்கிவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். பஸ் நடைவழியில் அவளும் மாமாவும் தலையோடு தலை இடிக்கக் கிடந்தார்கள். நான் அடித்த அண்ணன்காரன் எனக்கு எதிர் சீட்டில், ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதான். அரூர் போய்ச் சேரும்வரை நாங்கள் ஒருவரையொருவர் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே போனோம்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர், உயிருக்குப் பயமில்லை, கண் போய்விட்டது, சேலத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார். ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் அக்கா வந்தாள். கட்டுக்குள் இருந்த கணவரின் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய், “என்ன நடந்துச்சு, சொல்லு” என்றாள்.

எனக்கு ரத்தம் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. கொலைகாரப் பசங்க, ஒருத்தனையும் விடக்கூடாது, எல்லார்மேலும் கேஸ் போடணும் என்று பொரிந்து தள்ளினேன். அவள் அது எதையும் காதில் வாங்கவில்லை. வாசலில் பஸ் டிரைவர் சொன்னதையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அவரு எதுக்கு ராங் சைடுல போனாரு? அவரு போற ஆளே இல்லியே.”

“ரோட்டுல கொள்ளு போட்டிருந்தாங்க.”

“அதும்மேல ஏத்தத்தானடா போடறாங்க?”

“அவருக்குத் தெரியாதுக்கா.”

“அவருக்குத் தெரியாது. நீ எங்க இருந்த?”

“பக்கத்துலதான்.”

“சொல்லலியா?”

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தூங்கிவிட்டேன் என்றிருந்தால் நம்பியிருப்பாள். தலையில் அடிபட்டிருந்ததாலோ என்னவோ, உள்ளதே வாயில் வந்தது.

“முன்னாடி ஒரு எடத்துலயும் அப்படித்தான் ஒதுங்குனாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. உங்ககிட்ட வந்து சொல்லிச் சிரிக்கலாம்னு...”

அக்கா குனிந்து காலிலிருந்த செருப்பைக் கழற்றினாள். முதல் அடி ஏற்கெனவே கிழிந்திருந்த உதட்டில் விழுந்தது. அடுத்தது காதில். வராந்தாவில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். அன்றைக்கு மாமாமேல் கைவைத்தவனை நான் அடித்திருந்தேன், முடிந்திருந்தால் மற்றவர்களையும் அடித்திருப்பேன். இப்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நர்ஸ் ஒருத்தி ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வுடுங்க சிஸ்டர்” என்றேன். “அடிக்கட்டும்.”