ஹெல்மெட் இல்லாத படம்

சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், சாரம் ஏறுமுன் ஹெல்மெட்டோடு செல்ஃபி எடுத்து கம்பெனி ஆப்பில் போட வேண்டும். ஆப் சரி என்றால்தான் ஏறலாம். அதே படம் தினமும் எனக்கும் வரும்.

இன்று எங்கள் கல்யாண நாள். அறந்தாங்கி பஸ்ஸில் இருந்தபோது அவரே கூப்பிட்டார்.

"என்னங்க, வேலை நேரத்துல?"

"ஒனக்குன்னு தலை சீவி எடுத்த படத்தை ஆப்புல மாத்திப் போட்டுட்டேன். ஹெல்மெட் இல்லைன்னு நிறுத்திருச்சு. சூப்பர்வைசர் வர்ற வரைக்கும் சும்மாதான் நிக்கிறேன்."

மகளுக்குப் பல் விழுந்த கதையை முழுசாகச் சொல்லி முடித்தேன்.

"அவரு வந்துட்டாரு, வச்சிரவா?"

நாளைக்கும் படத்தை மாத்திப் போட்டுருங்க என்று நாக்கு நுனி வரை வந்தது.

"ஹெல்மெட் பட்டையை இறுக்கிப் போட்டுக்கங்க" என்றேன்.

அந்தப் படம் இன்னும் எனக்கு வரவில்லை. தலை சீவிய முகத்தை முதலில் பார்த்தது ஆப்தான். இதை யாரிடம் புகார் சொல்வது?