நெத்திலி வந்த தேர்தல் நாள்

கங்காதரன் செங்கல்பட்டில் விலங்கியல் புரொபசர். பேருக்குத்தான் செங்கல்பட்டு, மனசு முக்கால்வாசி நேரம் நெம்மேலிக் கடலில் மிதந்துகொண்டிருக்கும். பதினோரு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறிப் போய், சீசாவில் கடல் தண்ணீர் மொண்டு வருவார். மைக்ராஸ்கோப்பில் அதிலுள்ள பொடி உயிர்களைப் பார்க்க உட்கார்ந்தால் சோறு தண்ணி மறந்துபோகும். அந்தப் பொடி பெருகினால் நெத்திலி வரும் என்பார். முதலில் அங்கிருந்த மீனவக் குப்பமே சிரித்தது. நாலு தடவை பலித்ததும் சிரிப்பு நின்றது.

எழுபத்தேழு தேர்தலில் அந்த மனுஷனுக்கு என்ன ஆசை பிடித்ததோ! குப்பத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி வர வேண்டும் என்று, வேலையை ராஜினாமா செய்துவிட்டுச் சுயேச்சையாக நின்றார். கிடைத்த சின்னம் ஒட்டகம். கடற்கரைக்கு ஒட்டகம்! மேடை ஏறினால் ஓட்டுக் கேட்க மறந்து, இருட்டில் அலை ஏன் மினுங்குகிறது என்று பேசிக்கொண்டே போவார். ஜனமும் வாயைப் பிளந்து கேட்கும். அவர் நம்பியது குப்பத்து ஓட்டைத்தான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஊர்த் தலைவரான நாட்டார் முன்னால் நடக்க, ஆணும் பெண்ணுமாக ஊரே சேர்ந்து போய்த்தான் ஓட்டுப் போடும். தனியாக ஒருத்தர் போக மாட்டார்.

தேர்தலுக்கு முதல் நாள் சாயங்காலம் கரையில் நாட்டார் இருசப்பன் கேட்டார்.

“இன்னா சார், நாளைக்கி நெத்திலி வருமா?”

சீசாத் தண்ணீர் பொடி பெருகிக் கஞ்சி போலக் கலங்கியிருந்தது. இல்லை என்று சொல்லுங்களேன் என்று மனைவி சாந்தா கண்ணாலேயே கெஞ்சினாள்.

“வரும்” என்றார் கங்காதரன்.

“ஐயோ, என்ன மனுஷங்க நீங்க!” என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள்.

விடிவதற்குள் கட்டுமரமெல்லாம் போய்விட்டன. பெண்கள் கூடையோடு கரையில் காத்திருந்தார்கள். வாக்குச்சாவடிக்குத் தள்ளி நின்று, வெயிலில் புகை மாதிரி அசையும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார் கங்காதரன். குப்பத்திலிருந்து ஒருத்தரும் ஓட்டுப் போட வரவில்லை. ஆனாலும் மீன் வந்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், வெட்கங்கெட்ட சந்தோஷம்.

பெட்டிக்குச் சீல் வைத்த பிறகுதான் ஈரத் துணியோடு ஊரே ஓடி வந்தது. அதிகாரி கையை விரித்துவிட்டார்.

“மன்னிச்சிக்கோ சார்” என்றார் இருசப்பன். “அடுத்த தபா பாத்துக்கலாம். நாளைக்கி காலேஜிக்குப் போவ இல்ல?”

“இல்லப்பா. வேலையை விட்டுட்டுத்தான் நின்னேன்.”

“இத்த ஏன் சார் முன்னாடியே சொல்லல?”

“சொல்லியிருந்தா நீங்க கடலுக்குப் போயிருக்க மாட்டீங்களே, இருசப்பா.”

இருசப்பன் அந்த மணலிலேயே உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.