சாடிப் பூதமும் கடைசி பஸ்ஸும்

“அந்தப் படத்தோட முடிவு தெரிஞ்சு ஒனக்கு இப்ப என்னடி ஆகப்போகுது? அடுப்புல சோறு கொழையுது, அதப் பாக்க ஆளில்ல. கெழவி பாத்த படத்துக்கு முடிவு வேணுமாம், முடிவு!”

பேத்தியை இப்படித் திட்டித்தான் விரட்டினேன். நியாயமில்லாத திட்டு. அந்த முடிவு அவளை விட எனக்குத்தான் வேண்டும். இத்தனை வருஷமாகியும் நினைத்தால் வயிறு எரிகிறது.

அப்போது எல்கடுவையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றைக் காம்பரா வீடுகளில், இருந்தோம். எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளைகூடப் பிறக்காத காலம். மாத்தளைக்கு இறங்கிப் படம் பார்ப்பதென்றால் ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டம்தான். அதிலும் ஒரு கேடு. மேலே வரும் கடைசி பஸ், ஆட்டம் முடிவதற்குச் சற்று முன்னாலேயே கிளம்பிவிடும். அதை விட்டால் இருட்டில் மலையேறி நடக்க வேண்டும். மறுநாள் விடிந்தால் கொழுந்துக் கூடை காத்திருக்கும்.

ஆகையால் எங்கள் தோட்டத்தில் எந்தப் படத்துக்கும் யாரும் முடிவு பார்த்ததில்லை. கதாநாயகனைத் தூணில் கட்டி வைத்திருக்கும்போதே எழுந்து வந்துவிடுவோம். அவனை யார் அவிழ்த்துவிட்டார்கள் என்பது அவரவர் இஷ்டம். எங்கள் லயத்தில் ஒரு முடிவு, மேல் லயத்தில் வேறொரு முடிவு. நாங்கள் கொன்று போட்ட வில்லனை மேல் லயத்துக்காரிகள் திருத்தி மாமனாராக்கிவிடுவார்கள். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் இதற்காகக் குடம் உடைந்திருக்கிறது.

இப்படி இருந்தபோதுதான் அந்த அரபு நாட்டுக் கதை வந்தது. பழம் விற்கிறவன் ஒருவன், பொதிபோல உப்பிய காற்சட்டை போட்டவன், கடற்கரையில் ஒரு செம்புச் சாடியைக் கண்டெடுக்கிறான். மூடியைத் திறந்தால் புகை. புகைக்குள்ளிருந்து மொட்டைத் தலையும் காதில் வளையமுமாக ஒரு பூதம். மூடியைத் திறந்தவன்தான் அதற்கு முதலாளி. அவன் வாயால் ‘உனக்கு விடுதலை’ என்று சொல்லும்வரை அது போக முடியாது. அரண்மனை கட்டு என்றால் கட்டும். பறக்கும் கம்பளத்தைக் கொண்டு வா என்றால் கொண்டு வரும். நாங்கள் மழைக்குப் போர்த்தும் கம்பளியை நினைத்துக்கொண்டு, “நம்மளுது நனைஞ்ச கனத்துல பறக்காது புள்ள” என்றார் என் வீட்டுக்காரர்.

ராஜகுமாரியைக் கட்டிக்கொண்டதும் உன்னை விட்டுவிடுகிறேன் என்று பழக்காரன் பூதத்துக்கு வாக்குக் கொடுத்தான். கல்யாணமும் ஆனது. பூதம் கை கட்டி அவன் முன்னால் வந்து நின்றது. அவன் அதை ஏற இறங்கப் பார்த்தான்.

“எந்திரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த ராஜகுமாரி பூந்தோட்டத்தில் பாடினாள், குளித்துக்கொண்டு பாடினாள், படுத்துக்கொண்டும் பாடினாள். ஒரு பாட்டைக் குறைத்திருந்தால் எங்களுக்கு முடிவு கிடைத்திருக்கும். ஆற்றாமையில் வழியெல்லாம் அவளைத்தான் திட்டினேன்.

மறுநாள் கொழுந்து எடுக்கும்போது கதை சொன்னேன். பக்கத்துக் காம்பராவில் இருந்த அக்கா கூடையைச் சரித்துவிட்டு நின்றுவிட்டாள்.

“வுட்டானா, வுடலையா?”

“தெரியாதுக்கா. வந்துட்டோம்.”

“என்னாடி வந்துட்டோம்? அதுவும் நம்மள மாதிரிதான, கூப்பிட்ட கொரலுக்கு ஓடுது. வுட்டானான்னு பாக்காம வந்துட்டாளாம்!”

வழக்கம்போல ஏதாவது ஒரு முடிவைக் கட்டிச் சொல்லியிருக்கலாம். அந்தப் பூதம் கை கட்டி நின்ற கோலத்துக்கு இட்டுக்கட்ட மனம் வரவில்லை. எனக்கு உண்மை வேண்டியிருந்தது.

“டிக்கட் கிழிக்கிறவன்கிட்ட கேட்டா சொல்றான்” என்றார் வீட்டுக்காரர்.

“ஆமா, அவன் சாப்புட்டா ஒங்களுக்குப் பசி தீருமா?”

யோசித்துப் பார்த்ததில் குற்றம் படத்திலும் இல்லை, பாட்டிலும் இல்லை, பஸ்ஸில்தான் இருக்கிறது என்று பட்டது. பஸ்ஸை நிறுத்த ஒரே வழி, ட்ரைவரைப் பிடித்து உள்ளே உட்கார வைப்பது. அவர் சிங்கள ஆள், நல்ல மனுஷன். ஆட்டம் நடக்கும் நேரமெல்லாம் கொட்டகைக்கு எதிரிலிருக்கும் பஸ் ஸ்டாண்டில் வாயைத் திறந்து தூங்குவார். அடுத்த ஞாயிறு பஸ் கீழே போய் நின்றதும், அவர் பாஷையில் ஐயா என்று மரியாதையாகக் கூப்பிட்டு மெல்லப் பேச்சுக் கொடுத்தேன்.

“மாத்தயா, இம்பட்டுப் பேர படத்துக்கு ஏத்திக்கிட்டு வாறீங்க. நீங்க ஒரு நா பாத்தீங்களா?”

“நான் பாத்தா பஸ் யாரு பாக்கும், நங்கி?” தங்கச்சி என்று கூப்பிடுவதில் அவருக்கு ஒரு பிரியம்.

“பஸ்ஸு எங்க போகும்? சாவி ஒங்க பையிலதான இருக்கு. ஒரு பூதம் வருது மாத்தயா, இந்தா பெருசு!”

அவருக்கு ஆசை வந்துவிட்டது. கலரியில், திரைக்கு முன்னால் இருக்கும் மலிவு பெஞ்சில், எனக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் உட்கார்ந்தார். சாடியிலிருந்து புகை வந்ததும் ‘அம்மே!’ என்று வீட்டுக்காரரின் தொடையைப் பிடித்தவர் பிறகு விடவே இல்லை. செய்தி பரவி, தோட்டத்து ஆட்கள் எல்லாரும் காலை நீட்டிச் சாவகாசமாக இருந்தார்கள். ட்ரைவர் உள்ளே இருக்கிறார், பஸ் எங்கே போகும்?

பாட்டுகள் எல்லாம் ஓய்ந்தன. கல்யாணம் ஆனது. பூதம் வந்து கை கட்டி நின்றது. பழக்காரன் ஏற இறங்கப் பார்த்தான்.

வெளியே பஸ் ஹார்ன் அடித்தது. கண்டக்டர் வேலை. கையை எடுக்காமல் ஒரே அமுக்கு.

விடியலில் பெரட்டுக்கு, வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிடக் கொம்பு ஊதினால், தூக்கத்திலேயே எழுந்து நிற்கிற சனம் நாங்கள். காது கேட்டதும் கால் கிளம்பிவிட்டது. கலரி முழுக்க எழுந்தது. துண்டை உதறுகிறார்கள், செருப்பைத் தேடுகிறார்கள், பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள்.

“ஒக்காருங்க! ட்ரைவர் இங்கதான இருக்காரு, பஸ்ஸ யாரு ஓட்டுவா?” என்று கத்தினேன்.

“பஸ் போகுது! பஸ் போகுது!” என்று எல்லாருக்கும் முன்னால் ஓடியவரே ட்ரைவர்தான். சாவி அவர் பையில் குலுங்கிக்கொண்டு போனது.

நான் நகரவில்லை. ஒரு முழங்கைக்கும் ஒரு கொண்டைக்கும் இடையில் பழக்காரனின் வாய் அசைவது தெரிந்தது. என்ன சொன்னானோ. காது முழுக்க ஹார்ன். முன்னால் நின்றவளை இழுத்துத் தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தேன். திரை முழுக்க ‘சுபம்’. யாருக்குச் சுபம்?

பின்னால் நாற்காலியில் இருந்த டவுன் ஆளிடம் ஓடினேன்.

“ஐயா, பூதத்த வுட்டானா?”

“நீங்க அத்தன பேரும் முன்னுக்கு எழும்பி நின்னா எனக்கு எப்புடித் தெரியும்?” என்று என் மேலேயே எரிந்து விழுந்தார்.

அத்தோடு படத்தை மாற்றிவிட்டார்கள். எங்கள் பக்கம் அது திரும்பி வரவே இல்லை.

மேலே வரும்போது ஒவ்வொரு வளைவிலும் ட்ரைவர் தலையைத் திருப்பி, “நங்கி, அது போனதா?” என்று கேட்டார். “ரோட்டப் பாத்து ஓட்டுங்க மாத்தயா” என்றேன்.

லயத்து முனையில் அக்காவும் அக்கம்பக்கத்துப் பொம்பிளைகளும் காத்திருந்தார்கள். பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் என்னையே கை காட்டினார்கள். சுபம் வரைக்கும் உள்ளே இருந்தவள் நான் ஒருத்திதானே.

“சொல்லுடி, வுட்டானா?”

“வுட்டான்க்கா. வாயத் தொறந்து சொல்லியே வுட்டான். ஆனா பூதம் சாடிய வுட்டு வெளிய வாறதுக்குள்ள கடைசி பஸ்ஸு போயிருச்சு. நடந்துதான் வருதாம். யாரு வாசல்ல வந்து நின்னாலும் வெரட்டாம, ஒரு வாய் தேத்தண்ணி குடுத்து அனுப்புங்க.”