டேப் கெடவில்லை, அது நான்தான்

போன வாரம் பாறசாலை ஜங்ஷனில் இருக்கிற கேசட் கடைக்குப் போயிருந்தேன். காலி கேசட் வாங்கத்தான். எனக்கு முன்னால் ஒருவர் நின்று கடைக்காரரிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார். வெளுத்த வேட்டி, கக்கத்தில் குடை. 'வெட்டுகத்தி' குழுவின் புது கேசட்டை மேஜைமேல் வைத்து, இதை மாற்றிக் கொடு என்றார்.

என்ன கோளாறு என்று கடைக்காரர் கேட்டார்.

"பாட்டெல்லாம் நல்ல பாட்டாக்கும். ரெண்டாவது பக்கம் கடைசியில மட்டும் டேப் கெட்டுப் போய்க் கெடக்கு. ஆரோ கெணத்துல விழுந்து கெடந்து விளிக்கிற மாதிரி ஒரு சத்தம்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன்.

டேப் கெடவில்லை. கிணற்றுக்குள் கிடந்து கத்துகிற அந்த ஆள்... நான்தான்.

பஸ், பல்வலி, ரேஷன் அரிசி என்று என் எல்லாக் கஷ்டமும் உங்களுக்குத் தெரியும். வாராவாரம் இந்தப் பக்கத்தில் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறேன்? ஒரு காலத்தில் நான் பாடகனாக இருந்தேன் என்பதை மட்டும் சொன்னதில்லை. பாடகன் என்பதுகூடக் கொஞ்சம் பெரிய வார்த்தை. மைக் பிடித்துக் கத்துகிறவனுக்குத் தமிழில் தனியாக ஒரு பெயர் இருந்தால், அதை எனக்கு வைத்துக்கொள்ளலாம்.

தொண்ணூறு பிறந்த சமயம். நெய்யாற்றின்கரை டுடோரியல் காலேஜில் என்னோடு படித்தவன் ஸ்டீபன். கோட்டுகால்காரன். அப்பாவுக்கும் அண்ணன்மாருக்கும் கடல்தான் வேலை. இவனுக்குக் கடலில் இறங்கினால் வாந்தி வரும். அதனால் படிப்பு போக மீதி நேரத்தில் கோவளத்தில் ஒரு லாட்ஜில் அறை கூட்டுகிற வேலை பார்த்தான். வெள்ளைக்காரர்கள் அறையைக் காலி செய்யும்போது பாதி ஷாம்பூ, அறுந்த செருப்பு, வாசித்த புத்தகம் என்று எதையாவது விட்டுவிட்டுப் போவார்கள். ஒருத்தன் ஒரு கேசட்டை விட்டுவிட்டுப் போனான்.

அதுதான் ஹார்ட்கோர். ராக் இசையிலேயே ரொம்பக் கோபக்கார வகை. ஒரு பாட்டு ஒரு நிமிஷம் ஓடினால் அதிகம். கிட்டாரை அறைவார்கள், டிரம்ஸை வெளுப்பார்கள், பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்துவான். முதல்முறை கேட்டபோது டேப் ரெக்கார்டர் ஹெட்டில் அழுக்கு என்றுதான் நினைத்தோம். ஸ்டீபன் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி போட்டான். அதே சத்தம்தான். மூன்றாவது தடவை நாங்கள் துடைக்கவில்லை. எழுந்து குதித்தோம்.

கல்யாண வீடுகளில் பேண்ட் செட் அடிக்கிற அனிலை டிரம்ஸுக்குப் பிடித்தோம். ஸ்டீபன் கிட்டார், நான் மைக், குழுவுக்குப் பெயர் 'வெட்டுகத்தி'. வெள்ளறடையில் அவன் வீட்டு ரப்பர் தோட்டத்தில், ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்துகிற ஒரு கொட்டகை இருந்தது. அதுதான் எங்கள் பயிற்சிக் கூடம். சுவரெல்லாம் கரி. இரண்டு பாட்டு முடிவதற்குள் மூன்று பேரும் ஒரே நிறத்துக்கு வந்துவிடுவோம்.

இங்கிலீஷில் பாடலாம் என்றேன் நான். ஸ்டீபன் ஒத்துக்கொள்ளவில்லை. "மக்கா, ஒனக்கு எந்தப் பேச்சுல தேஷ்யம் வருதோ, அந்தப் பேச்சுல கத்து. இல்லேன்னா கள்ளத்தனமாக்கும்" என்றான். தேஷ்யம் என்றால் எங்கள் பக்கத்தில் கோபம். அதனால் பாட்டெல்லாம் நானே எழுதினேன், நம்ம ஊர்ப் பேச்சில். அதில் ஒன்று மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்தது.

வடக்கே போனா பாண்டின்னான்,
தெக்கே போனா மலையாளின்னான்,
பேரு சொல்லி விளிக்க இஞ்ச
ஒருத்தனும் இல்லியா லே?

திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவில் பிறந்தவர்களுக்கு இதற்கு உரை எழுத வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் பஸ் ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு மட்டும் சொல்கிறேன், 'பாண்டி' என்பது மலையாளிகள் தமிழனுக்கு வைத்த கேலிப் பெயர். அந்தக் கடைசி 'லே'யை மூச்சு தீரும்வரை இழுத்துக் கத்துவேன். ரப்பர் பால் எடுக்கிறவர்கள் வேலையை விட்டுவிட்டு என்ன ஆச்சு என்று எட்டிப் பார்ப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரில் எல்லாப் பாட்டையும் பதிவு செய்தோம். இரண்டாவது பாட்டில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை. டிரம்ஸ் எது, மழை எது என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆரம்பிக்கும்போது ஊற்றிவைத்த டீ, எல்லாப் பாட்டும் முடிந்தபோதும் சூடாகத்தான் இருந்தது. அவ்வளவு வேகம். டேப் நிறைய மிச்சம் இருந்ததால், அதையே திரும்பத் திரும்பப் பதிந்து பிரதி எடுத்து ஜங்ஷன் கடையில் வைத்தோம். ஒன்றுகூட விற்கவில்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, கடைக்காரர் அவற்றின்மேலேயே பக்திப் பாட்டுகளைப் பதிந்து விற்றுவிட்டார்.

பிறகு எனக்கு நாகர்கோவிலில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்துகொண்டிருந்தேன். பிறகு அதுவும் நின்றது. நான் இல்லாவிட்டால் குழு கலைந்துவிடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன... ஆசைப்பட்டேன்.

கலையவில்லை. முதலில் ஒரு கீபோர்டு வந்ததாகக் கேள்விப்பட்டேன். கீபோர்டா? ஹார்ட்கோரிலா? அப்புறம் வேகம் குறைந்ததாகச் சொன்னார்கள். அப்புறம் பாடுவதற்கு ஒரு பெண் வந்துவிட்டாள் என்றார்கள். பேருக்கு வெட்டுகத்தி, உள்ளே பூந்தோட்டம் என்று சொல்லிச் சிரித்தேன். போய்க் கேட்டது மட்டும் இல்லை. வேலை கிடைத்த பிறகு எனக்கு நேரம் எங்கே? பொய். நேரம் இருந்தது. வயிற்றெரிச்சல் அதைவிட நிறைய இருந்தது.

போன ஓணத்துக்கு நெய்யாற்றின்கரையில் துணி எடுக்கப் போயிருந்தோம், நானும் மனைவி லதாவும். மைதானத்தில் ஆர்ட்ஸ் கிளப் ஆண்டுவிழா. மேடையில் பார்த்தால் ஸ்டீபன், பின்னால் அனில். கொஞ்சம் நின்று கேட்டுவிட்டுப் போகலாம் என்றாள் லதா. பஸ் போய்விடும் என்றேன். அடுத்த பஸ் உண்டு என்றாள்.

மைக்கின் முன்னால் சுடிதார் போட்ட ஒரு பெண். ஷீபா. பாறசாலையில் ஒரு லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. கோட்டுகால் மாதா கோயில் கொயரில் பாடுகிறவள். இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப மெதுவாக, தன்னிடமே பேசுகிற மாதிரி ஆரம்பித்தாள்.

வடக்கே போனா பாண்டின்னான்...

என் பாட்டு. நான் ஒரு நிமிஷத்தில் கத்தி முடிக்கிற பாட்டை அவள் ஐந்து நிமிஷம் பாடினாள். சுண்டல் விற்கிறவர்கூட விற்பனையை நிறுத்திவிட்டார். கடைசி 'லே' வந்தபோது அவள் கத்தவில்லை. யாரையோ தூக்கத்திலிருந்து எழுப்புகிற மாதிரி, அவ்வளவு பதமாகச் சொல்லி நிறுத்தினாள். பக்கத்தில் ஒரு அம்மா மூக்கை உறிஞ்சினார். திரும்பிப் பார்த்தேன். லதாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான புதிதில் என் கேசட்டை இவளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். முதல் பாட்டு தொடங்கியதுமே அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து போனவள். அந்தப் பால் இன்னும் பொங்கிக்கொண்டிருக்கிறது.

"ஆரு எழுதின பாட்டு? எவ்வளவு நல்லாருக்கு" என்றாள்.

"தெரியாது" என்றேன்.

சொந்தப் பாட்டின்மேலேயே பொறாமைப்பட்ட மனிதனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? என் வார்த்தைதான். ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் நான் கத்தியபோது, அதில் வார்த்தை இருந்தது என்பதே ஒருத்தருக்கும் தெரியாமல் போயிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டுகாலுக்குப் பஸ் ஏறினேன். கோயிலை ஒட்டிய ஹாலில்தான் இப்போது அவர்கள் பயிற்சி. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத் தயாராகப் போயிருந்தேன். பாட்டைக் கொன்றுவிட்டீர்கள், ஹார்ட்கோர் எங்கே, கோபம் எங்கே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா... பஸ்ஸில் உட்கார்ந்து மனப்பாடமே செய்துவிட்டேன்.

ஸ்டீபன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஓணத்துக்கு முன்னால் இரண்டு தடவை வீட்டுக்கு ஆள் விட்டதாகவும், நான் ஊரில் இல்லை என்று பதில் வந்ததாகவும் சொன்னான். பிறகு ஷீபாவிடம் இதுதான் சுகு என்றான். அவள் எழுந்து நின்றாள்.

"கெணத்துச் சத்தம் நீங்களா அண்ணா?"

அவளுக்கும் கிணறுதான் தோன்றியிருக்கிறது. ஆனால் அவள் கேட்ட விதம் வேறு. இரண்டு வருஷம் முன்னால் பாறசாலைக் கடையில் ஒரு பக்திப் பாட்டு கேசட் வாங்கியிருக்கிறாள். பாட்டெல்லாம் முடிந்து, டேப் ஓடட்டும் என்று விட்டுவிட்டு ஜெபமாலையை எடுத்திருக்கிறாள். திடீரென்று உள்ளேயிருந்து ஒருத்தன் கத்தியிருக்கிறான். கடைக்காரர் மேலே பதிந்த பாட்டு பாதியில் முடிய, அடியில் கிடந்த எங்கள் பாட்டு மிச்சம் இருந்திருக்கிறது. முதலில் பயந்து நிறுத்திவிட்டாளாம். அடுத்த நாள் பக்திப் பாட்டைத் தள்ளிவிட்டு அந்தக் கடைசியை மட்டும் கேட்டாளாம். அதற்கடுத்த நாளும். திரும்பத் திரும்பக் கேட்டு வார்த்தைகளைப் பிடித்திருக்கிறாள். அது யார் என்று விசாரித்துக்கொண்டேதான் ஸ்டீபனிடம் வந்து சேர்ந்திருக்கிறாள்.

நாங்கள் ஊருக்கே போட்ட கேசட்டை உலகத்தில் ஒரே ஒருத்தி கேட்டிருக்கிறாள். அவள்தான் என் இடத்தில் நின்று பாடுகிறாள். நான் என்ன கேட்பது? மனப்பாடம் செய்தது எல்லாம் மறந்துபோனது.

அவளுக்கு ஒரு குறை இருந்தது. "நான் நல்லாப் பாடுதேன்னு எல்லாரும் சொல்லுதாங்க அண்ணா. ஆனா நல்லாப் பாடுனா அது கொஞ்சம் பொய்யாப் போவுது. அந்தக் கடைசி 'லே' உங்களுக்கு எப்படி வந்துது? எனக்கு அது வேணும்."

எனக்கு உச்சி குளிர்ந்தது. கடைசியில் என்னிடம் ஒன்று இருக்கிறது, அவளிடம் இல்லாதது. எழுந்து நின்றேன். மூச்சை வயிற்றிலிருந்து எடுத்தேன். கத்தினேன். பாதியில் இருமல் வந்துவிட்டது. அனில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். நான் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவள் கண்ணை மூடினாள்.

வாசகர்களே, அந்தச் சத்தத்தை என்னால் எழுத முடியாது. கூரையில் இருந்த புறாவெல்லாம் பறந்தது. கோயிலில் மணியடிக்கிறவர் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார். இரண்டு வருஷம் தொண்டையில் ரத்தம் கசியக் கசிய நான் பழகிய சத்தம், இவளுக்கு ஒரே மூச்சில் வந்துவிட்டது. என்னுடையதைவிடப் பெரிதாக. என்னுடையதைவிடச் சுத்தமாக.

ஸ்டீபன் கிட்டாரை மடியிலேயே வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். நான் நல்லாயிருக்கு என்றேன். நாக்கு அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு அடம்பிடித்தது என்று எனக்குத்தான் தெரியும்.

அப்படித்தான் புது கேசட்டில் அந்தப் பாட்டு வந்தது. ஐந்து நிமிஷம் மெதுவாகப் போய், கடைசியில் அந்த 'லே' இடியாக இறங்கும். ஜீப்பில், சலூனில், டீக்கடையில் எல்லாம் ஓடுகிறது. பழைய பதிவைக் கடைசியில் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவளும் ஷீபாதான். அதெல்லாம் எதற்கு என்று நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நல்லவேளை, ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. அதைத்தான் குடைக்காரர் டேப் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்க வந்தார். இவர் முதல் ஆள் இல்லையாம். இதுவரைக்கும் பலபேர் வந்துவிட்டார்கள் என்று கடைக்காரர் சந்தோஷமாகச் சொன்னார்.

ஒரு குழு மாறுவது தப்பா? பத்து வருஷம் ஒரே கோபத்தோடு இருக்கிறவனை வீட்டிலேயே வைத்துக்கொள்ள மாட்டார்கள். கோபம் முற்றினால் துக்கமாகும், துக்கம் முற்றினால் பாட்டாகும். எல்லாம் சரி. புத்திக்குத் தெரிகிறது. ஆனால் பொறாமை புத்தியில் இல்லையே... அது தொண்டையில் அல்லவா இருக்கிறது.

இந்த அளவில் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். முந்தாநாள் சாயங்காலம் வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஷீபா. நேராக லேபிலிருந்து வந்திருக்கிறாள். முகம் கறுத்திருந்தது. ஸ்டீபன் திருவனந்தபுரத்தில் ஒரு வயலின்காரனைப் பிடித்திருக்கிறானாம். அடுத்த கேசட்டில் பாட்டே கிடையாதாம். வெறும் வாத்தியம்தானாம். குழு வளர்கிறதாம்.

"அந்த வயலின்ல அப்படி என்ன உண்டு அண்ணா? அதுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியுமா?"

அந்த முகத்தை நான் நிறைய நாள் ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். பெரியவனாக லட்சணமாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் இல்லையா? ஒரு குழு என்றால் மாறிக்கொண்டுதான் இருக்கும், நாம்தான் மனசைப் பெரிசாக்கிக்கொள்ள வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

"நீங்க அப்படித்தான் மனசைப் பெரிசாக்கினீங்களா?" என்றாள்.

"இல்லை" என்றேன்.

அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து, முகம் தெரியாத அந்த வயலின்காரனை இருட்டும்வரை திட்டினோம். லதா டீ போட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு பாட்டுக்கும் இப்படி நாங்கள் சேர்ந்து பாடியதில்லை. அவள் கிளம்பும்போது முகம் தெளிந்திருந்தது.

எனக்கு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள் — வீட்டில் இருந்த ஏத்தங்காய் சிப்ஸ் டப்பாவை அப்படியே அவள் கையில் கொடுத்தனுப்பினேன்.