சந்தனப் பொட்டு வைத்த கார்டும் தொண்ணூற்றாறு ரூபாயும்

காலை 8.40, கம்பைநல்லூர். மகள் செல்வி தர்மபுரியில் நர்சிங் படிக்கிறாள். தேர்வுக் கட்டணம் 6,400 ரூபாய். இன்று ஒரு மணிக்குள் கட்டாவிட்டால் தேர்வு எழுத முடியாது. நேற்று சாயங்காலம் போனில் அனுப்பிப் பார்த்தேன். புதுக் கணக்குக்கு முதல் இருபத்துநாலு மணி நேரத்தில் ஐயாயிரத்துக்கு மேல் போகாதாம். கல்லூரியோ ஒரே தவணையில்தான் வாங்குமாம். வீட்டிலிருந்த ரொக்கத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று வங்கி கொடுத்த கார்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

இலவசப் பேருந்து போய்விட்டது. தனியார் பேருந்தில் முப்பது ரூபாய். முன்சீட்டுக்காரர் டிக்கெட்டுக்குப் போனை நீட்டினார். பணம் போகவில்லை.

"டவர் கெடைக்கிற வரைக்கும் பஸ்ஸ நிறுத்தி வெக்கட்டுங்களா?" என்றார் கண்டக்டர்.

நான் நீட்டிய மூன்று பத்து ரூபாய்த் தாளுக்கு டவர் தேவைப்படவில்லை.

11.15, கல்லூரி அலுவலகம். செல்வி வாசலிலேயே நின்றிருந்தாள். வரிசையில் எங்கள் முறை வரவே பன்னிரண்டரை ஆகிவிட்டது. எழுத்தர் ரொக்கத்தைத் தொடவே இல்லை.

"பணமா வாங்கறதில்லைங்க. கார்டு, இல்லைன்னா போன்."

"இதுவும் கவர்மெண்ட் அடிச்ச நோட்டுதானுங்களே?"

"ரூல்ஸுங்க."

கார்டை நீட்டினேன். மூன்று முறை செருகியும் மெஷின் படிக்கவில்லை. எழுத்தர் கார்டைத் தூக்கிப் பார்த்தார். "என்னங்க இது, சந்தனமா?"

ஆமாம். புதுக் கார்டு வந்த அன்று மாரியம்மன் படத்தடியில் வைத்து, மெஷின் படிக்கும் அந்த மஞ்சள் சதுரத்தின் மேலேயே சந்தனமும் குங்குமமும் இட்டேன். தையல் மெஷினுக்கு வைக்கிறோம், கேஸ் அடுப்புக்கு வைக்கிறோம். கார்டுக்குக் கூடாது என்று வங்கியில் யாரும் சொல்லவில்லை.

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "அடுத்த வாட்டி தேங்காயும் ஒடைச்சிட்டு வாங்க," என்றார் எழுத்தர்.

செல்விக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, அது மேலயா வெப்பாங்க?" என்று துப்பட்டாவால் துடைத்தாள். காய்ந்த சந்தனம் லேசில் போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். சுவரில் மணி 12.40.

"சாமிய நம்பித்தானுங்க இந்தப் புள்ளைய படிக்க வெக்கறேன். சிரிச்சது போதும், மெஷினப் போடுங்க," என்றேன்.

இந்த முறை படித்தது. செல்வி மூச்சு விட்டாள். துண்டுச் சீட்டில் 6,496 என்று இருந்தது.

"தொண்ணூத்தாறு எதுக்குங்க?"

"கார்டுல போட்டா சார்ஜ் உண்டுங்க."

"ரசீதுல எழுதிக் குடுங்க."

"அது காலேஜுக்கு வராதுங்க. எழுத முடியாது."

போனில் போட்டால் சார்ஜ் இல்லை, ஆனால் முழுத்தொகை போகாது. கார்டில் முழுத்தொகை போகும், ஆனால் சார்ஜ் உண்டு. இரண்டு தொல்லையும் இல்லாத ரொக்கத்தை வாங்க மாட்டார்கள். யாருக்குப் போகிறது என்றுகூடத் தெரியாமல் நான் ஏன் தொண்ணூற்றாறு ரூபாய் அழ வேண்டும்? செல்வி தேர்வு எழுதுவாள். அது போதும் என்று வாயை மூடிக்கொள்ள என்னால் முடியவில்லை.

3.10 பேருந்தில் வீடு திரும்பினேன். தர்மபுரியில் போனில் பணம் போடச் சொல்லிக் கடைக்குக் கடை ஒட்டியிருந்த கட்டம்போட்ட அட்டைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஊரில் இறங்கியதும் நேரே கோயிலுக்குப் போனேன். உண்டியலில் பத்து ரூபாய் போட்டேன். மகளுக்காக எதுவும் வேண்டவில்லை.

"நாங்க போடற காசுல நீ ஒருநாளும் கமிஷன் புடிச்சதில்ல ஆத்தா. புடிக்கறவங்களக் கொஞ்சம் பாத்துக்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.