சிங்கப்பூரிலிருந்து மதராசுக்கு எட்டு மணி நேரம்

சிங்கப்பூருக்கு வடக்கே இருக்கும் காஜா பேராங்கில் தேவதாசைத் தெரியாதவர் இல்லை. ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தாலும் மனுஷனுக்கு நினைப்பெல்லாம் ஆகாயத்தில்தான். கடைச் சுவரில் தொங்கிய உலகப் படத்தில் சிங்கப்பூருக்கும் மதராசுக்கும் நடுவே நூல் பிடித்து அளப்பார். “ஆயிரத்தெண்ணூறு மைல். ஏரோப்பிளேன்ல எட்டு மணி நேரம், அவ்வளவுதான்!” என்பார். அதுவரை அதன் படியில்கூடக் கால் வைத்தவரில்லை. பீற்றலுக்கு மட்டும் குறைச்சலே கிடையாது.

புக்கிட் ரம்பாய் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக் களைத்த அப்பாவைக் கப்பலேற்றி ஆற்காட்டுப் பக்கம் ஊருக்கு அனுப்பியபோதும் இதே பேச்சுதான். “கவலப்படாதீங்கப்பா. ஒண்ணுன்னா மறுநாளே வந்து நிப்பேன்.” தகப்பனுக்கு மூத்த மகன்தான் கொள்ளி வைக்க வேண்டும், கிழவருக்கு இருந்த கவலையே அது ஒன்றுதான். போன இடத்தில், மகன் ஏரோப்பிளேனில் மறுநாளே வந்துவிடுவான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்தார்.

மெர்டேக்கா சுதந்திர விழா முடிந்து தோரணங்கள்கூட இன்னும் இறங்கவில்லை, ஊரில் அப்பாவோடு இருந்த தம்பி கருணாகரனிடமிருந்து தந்தி வந்துவிட்டது. அப்பா போய்விட்டார். தேவதாஸ் அழுதுகொண்டே தபாலாபீசுக்கு ஓடிப் பதில் அடித்தார்: நாளை வருகிறேன், எடுக்காதீர்கள்.

“டிக்கெட் கெடச்சப்புறம் அடிச்சிருக்கலாமில்லங்க?” என்றாள் மனைவி கமலவேணி.

“எட்டு மணி நேரந்தானேம்மா” என்றார்.

சீட்டுக் கட்டிச் சேர்த்த கூட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு டாக்சி பிடித்துச் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார். மதராசுக்குத் தினமும் விமானம் கிடையாது, அடுத்தது நாளை மறுநாள்தான் என்றாள் டிக்கெட் கொடுக்கிற பெண். நூல் பிடித்து அளந்தவருக்கு இது எங்கே தெரியும்?

தந்தி ஆபீஸ் எதிரிலேயே இருந்தது. ‘காத்திருக்க வேண்டாம், தம்பியே கொள்ளி வைக்கட்டும்’ என்று அடித்திருந்தால் தீர்ந்தது. காகிதத்தைக் கையில் வாங்கியும்விட்டார். ஆனால் ஊர் என்ன சொல்லும்? ஏரோப்பிளேன்காரன் வந்த லட்சணத்தைப் பார் என்று சிரிக்காதா? அந்த வெட்கத்தில் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு வெளியே வந்தார். பாவி மனுஷன்!

விமானம் என்னவோ எட்டு மணி நேரத்தில் ஒழுங்காகத்தான் இறக்கிவிட்டது. அதன்பிறகு ரயிலுக்குக் காத்திருந்து, பஸ்ஸுக்குக் காத்திருந்து, கடைசியில் மாட்டுவண்டி.

தெருமுனையிலேயே வாடை அடித்தது. ஆட்கள் பந்தலைவிட்டு எட்டவே நின்றார்கள். பெரியவர்கள் எவ்வளவோ சொல்லியும், “அண்ணன் வர்றேன்னா வந்துரும்” என்று கருணாகரன் எடுக்கவே விடவில்லையாம். சாம்பிராணி போட்டுக்கொண்டு பாடைக்குப் பக்கத்தில் அவன் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

“அப்பா!” என்று தேவதாஸ் ஓடினார். கிட்டே போனதும் கால் நின்றுவிட்டது. கை தானாகக் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்தியது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

கருணாகரன் நிமிர்ந்து பார்த்தான். அவன் குரலில் கோபம்கூட இல்லை.

“கைய எடுண்ணே. நீ சொன்னதுக்குத்தான் அப்பா இப்படிக் கெடந்தாரு.”